சைலன்சரை மாற்றினால் கார் தரையில் ஒட்டுமா?

3 செப்டம்பர் 2024, இரவு

அண்ணா நகர் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தீவுத்திடல் ரேஸ் பார்த்தேன். ரேஸ் கார்களில் சைலன்சர் காற்றை வைத்தே காரைத் தரையில் அழுத்துவார்களாமே? என் காருக்கு இரண்டு குழாய் வைத்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், புகை தடையில்லாமல் போகுமாம், அதைப் போட இருபத்தெட்டாயிரம் கேட்கிறார்கள். போட்டால் ஈசிஆரில் நூறைத் தாண்டும்போது வண்டி ஆடுவது நிற்குமா? பிக்கப்பும் கூடுமா?"

முதல் கேள்விக்கு, ஆமாம், ஒரு காலத்தில் செய்தார்கள். இரண்டாவதுக்கு, நிற்காது. மூன்றாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம், அப்புறம் வருகிறேன்.

அதுவரை பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நூறில் வண்டி ஆடினால் டயர் காற்று, வீல் பேலன்சிங், சஸ்பென்ஷன் புஷ், இந்த வரிசையில் பாருங்கள். அங்கே சைலன்சருக்கு வேலையே இல்லை.

"நீ யார் சொல்வதற்கு" என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் குழாய் வளைத்தவன். ரேஸ் இன்ஜினியர் இல்லை. குழாய்க்குள் காற்று எங்கே முக்கும் என்று கை சொல்லும், அவ்வளவுதான்.

4 செப்டம்பர்

ஃபார்முலா 1 காரின் பின்பக்கம், அடிப்பலகை மேல்நோக்கிச் சரிந்து ஏறும் ஒரு பகுதி உண்டு. டிஃப்யூசர் என்பார்கள். காருக்கு அடியில் ஓடிவரும் காற்று அங்கே வந்து விரிகிறது. அப்படி விரிய இடம் கிடைப்பதால் அதற்கு முந்தைய குறுகலில் காற்று வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அடியில் அழுத்தம் குறைந்தால் மேலே இருக்கும் காற்று காரை அமுக்கும். எடை ஏறாமல் டயர் பிடிப்பு மட்டும் ஏறுகிறது. டௌன்ஃபோர்ஸ் என்று டிவியில் கத்துவது இதைத்தான்.

இதற்கு எதிரி பின்சக்கரம். சுழலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் காற்றைப் பிதுக்கிப் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் கலங்கல் காற்று டிஃப்யூசருக்குள் புகுந்தால், அடியில் கிடைத்த குறைந்த அழுத்தம் போச்சு.

2010இல் ரெட் புல் அணிக்கு ஏட்ரியன் நியூவி வடிவமைத்த ஆர்பி6 காரில் புகைக்குழாய் வாயை மேலிருந்து கீழே இறக்கினார்கள். 2011இன் ஆர்பி7 வருவதற்குள் அந்த வாய், டயருக்கும் டிஃப்யூசர் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடுக்கைக் குறிபார்த்து நின்றது. சூடான, வேகமான காற்று அந்த ஓரத்தில் ஒரு திரை மாதிரி ஓடி, டயர் தள்ளும் காற்றை உள்ளே விடாமல் நிறுத்தியது. தி. நகரில் ஏசி போட்ட துணிக்கடை வாசலில் நுழையும்போது தலைக்கு மேலிருந்து பொத்தென்று ஒரு காற்று அடிக்குமே, அதே வேலை. கதவில்லாமல் கதவு. வெளியே இருக்கிற வெக்கை உள்ளே வராது.

ஆக, தம்பி நினைப்பது மாதிரி சைலன்சர் காற்று காரை நேராக அழுத்துவதில்லை. அழுத்துவது காருக்கு மேலே இருக்கிற ஊர்க்காற்று. சைலன்சர் காற்று வாசலில் நிற்கிற வாட்ச்மேன்.

யோசனை பழையது. 1983இல் ரெனோவின் ஆர்இ40 காரிலேயே புகையை டிஃப்யூசர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆனால் ஒரு வில்லங்கம். வளைவுக்குள் நுழையும்போதுதான் பிடிப்பு ரொம்பத் தேவை. அப்போதுதான் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். காலை எடுத்தால் புகை நிற்கும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விடுவார், பின்பக்கம் வழுக்கும்.

2011இல் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கால் பெடலில் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் த்ராட்டிலை, அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் கதவை, திறந்தே வைத்திருக்கும். எரிபொருள் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் தள்ளினால் கோல்டு ப்ளோயிங். எரிபொருளையும் விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, குழாய்க்குள்ளேயே எரியவிட்டால் ஹாட் ப்ளோயிங். கார் வேகம் குறைகிற நேரத்தில் பெட்ரோலை எரித்துக் காற்று வாங்குகிறார்கள்! எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே அப்பா கத்துவார்.

அந்த வருடம் சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்கு மட்டும், விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ இதற்குக் கடிவாளம் போட்டது. ஃபெராரியில் அலோன்சோ ஜெயித்தார். அடுத்த பந்தயத்திலேயே கடிவாளத்தை எடுத்துவிட்டார்கள். ரெட் புல் ஓட்டுநர் வெட்டல் அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 11 ஜெயித்து, 15 முறை முதலிடத்திலிருந்து கிளம்பினார். எல்லாம் குழாயால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வளைவில் வழுக்குவது போலிருக்கும்போது பெடலை மிதித்தால் பிடிப்பு கூடும் என்று காலுக்குப் பழக்குவது லேசுப்பட்ட காரியமா?

4 செப்டம்பர், இரவு 11 மணி

சொல்ல மறந்தது. 2010 சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில், குழாய் வாய் கீழே போனதை மற்ற அணிகள் கவனித்துவிடக் கூடாது என்று, பழைய இடத்தில் குழாய் வாய் படத்தை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பினார்கள். நிஜம்.

இப்போது ஷோரூமில் நிற்கும் பல கார்களில் பின் பம்பரில் பளபளவென்று இரண்டு குரோம் வாய் இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் தடுக்கும். உண்மையான குழாய் அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

7 செப்டம்பர்

பிள்ளையார் சதுர்த்தி லீவு. கொழுக்கட்டை வேகிற நேரத்தில் கணக்குப் போட்டேன்.

அந்தக் கால எஃப்1 என்ஜின் 2.4 லிட்டர் வி8, அதிகபட்சம் நிமிடத்துக்கு 18,000 சுற்று. வினாடிக்கு 300 சுற்று. 300 பெருக்கல் 2.4, வினாடிக்கு 720 லிட்டர் காற்று. நம்ம 1.2 லிட்டர் கார் 2,500 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 50 லிட்டர். இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே தம்பியின் இருபத்தெட்டாயிரம் எங்கே போகும் என்று தெரியும்.

8 செப்டம்பர்

தப்பு. கிண்டியிலிருந்து ஒரு ஆசிரியர் பின்னூட்டத்தில் வந்து காதைத் திருகிவிட்டார். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். இரண்டால் வகுக்க மறந்துவிட்டேன். பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இப்படி. கொழுக்கட்டை மேல் பழி போடுகிறேன்.

சரியான கணக்கு: வி8க்கு வினாடிக்கு 360 லிட்டர். 1.2 லிட்டர் காருக்கு 25, அதுவும் முழு மிதியில். ஊருக்குள் யார் முழுசாக மிதிக்கிறார்கள்? லேசான மிதியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் எட்டு லிட்டர் சொச்சம், அரை வாளி. உள்ளே போகும்போது இந்த அளவு. வெளியே வரும்போது 600 டிகிரி சூடு இருந்தால் மூன்று மடங்கு விரிந்திருக்கும். வி8இல் வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல்.

அதே ஆசிரியர் இன்னொன்றும் கேட்டார்: ராக்கெட் மாதிரி முன்னே தள்ளாதா? தள்ளும். 360 லிட்டர் காற்று ஏறக்குறைய 0.43 கிலோ. வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 86 நியூட்டன். ஒன்பது கிலோ எடைக்குச் சமமான தள்ளல். 2011இல் ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை 640 கிலோ. ஒன்பது கிலோவுக்காக யாரும் இந்தப் பாடு பட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் வேகம். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60இல் போகும் காருக்கும் 240இல் போகும் காருக்கும் வேகம் நான்கு மடங்கு, காற்று விசை பதினாறு மடங்கு. ஓஎம்ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு டிஃப்யூசர் ஓரம் எதற்கு?

15 செப்டம்பர்

இப்போது பிக்கப் விஷயம். இதில் நானே மாட்டியவன்.

1990களின் கடைசி. கைமாறி வந்த ஒரு கார்புரேட்டர் கார் வைத்திருந்தேன். வேலை பார்க்கும் இடத்தில் குழாய் சும்மா கிடக்கிறது, இளரத்தம். தேவைக்கு மேல் ஒரு சுற்று பெரிய குழாய் எடுத்து, நானே வளைத்து, புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு காலி டப்பாவைப் பின்னால் பற்றவைத்து மாட்டினேன். சத்தம் பிரமாதம். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தது. பாதிப் பேர் திட்டத்தான் திறந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் மீனம்பாக்கம் பக்கம் மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் வண்டி இழுக்கவில்லை. இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. பழைய சைலன்சரில் அதே ஏற்றம் மூன்றில் போகும். உயர்ந்த சுற்றில் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடின மாதிரி இருந்தது. அதுகூட சத்தம் தந்த மயக்கமோ என்னவோ. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு நம்பிவிடும். ஸ்பீடாமீட்டருக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

மெக்கானிக் சொன்னார், "என்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும் சார், அதை எடுத்துட்டீங்க." அதாவது, வெளியே போகும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம். இருபது வருடம் இதையே நானும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

16 செப்டம்பர்

அந்தக் கடைசி வரிக்காக நேற்றிரவே நாலு பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரி. பேக் பிரஷர் எந்த என்ஜினுக்கும் நல்லதில்லை. மெக்கானிக் கண்டது உண்மை, சொன்ன காரணம்தான் தப்பு.

புகை ஒரே சீராக ஓடுவதில்லை. சிலிண்டருக்கு ஒரு வெடிப்பு, வெடிப்புக்கு ஒரு துடிப்பு என்று விட்டுவிட்டு வருகிறது. கோடம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காத வண்டி ஒன்று நடைமேடையை ஒட்டிச் சீறிப்போனால், பின்னாலேயே தாளும் தூசியும் இழுபட்டு ஓடும் இல்லையா? ஒரு துடிப்பு குழாய்க்குள் வேகமாக ஓடினால் அதன் வாலில் அழுத்தம் குறையும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் துடிப்பு பரவி வேகம் இழக்கும், இழுவை போகும். குறைந்த சுற்றில் காற்றே கொஞ்சம்தான், ஆகவே அடி அங்கேதான் விழும். மேம்பாலத்தில் எனக்கு விழுந்தது அதுதான்.

இன்னொரு அலையும் உண்டு. துடிப்பு குழாயின் திறந்த முனைக்கோ பெரிய டப்பாவுக்கோ போய்ச் சேர்ந்ததும், ஒரு எதிர் அலை, குறைந்த அழுத்த அலை, திரும்பி வால்வை நோக்கி வரும். புகை வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் புதுக் காற்றையும் உள்ளே இழுக்க உதவும். தாமதமாக வந்தால் பயனில்லை. எந்தச் சுற்றில் சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது. நாலு சிலிண்டர் என்ஜினில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதனால் 1ஐயும் 4ஐயும் ஒன்றாக, 2ஐயும் 3ஐயும் ஒன்றாகச் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒரே குழாயில் விடுவார்கள். நாலு-இரண்டு-ஒன்று. கடைக்காரர் இதைச் சொல்லி விற்றால், "ஒவ்வொரு குழாயும் எத்தனை அங்குலம், எந்தச் சுற்றுக்கு?" என்று கேளுங்கள். முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வளைவும் பார்க்க வேண்டும். உள்ளே தாங்குகட்டை இல்லாமல் வளைத்த குழாய் முழங்கையில் நசுங்கி முட்டை வடிவமாகும், அங்கே பாதை குறையும். நாங்கள் ஆரம்பத்தில் மணல் அடைத்துச் சூடாக்கி வளைப்போம். பிறகு உள்ளே தாங்குகட்டை வைத்தே வளைக்கும் மேண்ட்ரல் மெஷின் வந்தது. வெளியே பாலிஷ் போட்டு இருபத்தெட்டாயிரம் கேட்கிறார்களே, வளைவில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

டர்போ கார் என்றால் இந்த அலைக்கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. அங்கே புகையே டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்க வைக்கும்; அந்த டர்பைன் தாண்டினபிறகு பாதை எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. தம்பி காரில் டர்போ இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

29 செப்டம்பர்

யாரோ சோழவரம் என்று எழுதியதிலிருந்து தூக்கம் வரவில்லை.

எண்பதுகளில் சித்தப்பாவோடு போயிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம், அதுதான் பந்தயத் தடம். நிழல் கிடையாது. மோர் பாட்டிலும் தொப்பியும். கார்களைவிட எனக்கு பைக்குகளின் சத்தம்தான் ஞாபகம், அந்த டூ ஸ்ட்ரோக் கிறீச்சு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் சோழவரம் முடிந்துபோனது.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது என்ஜினின் பாதி. வால்வு இல்லாததால் புகையோடு, எரியாத புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையும் வெளியே ஓடப் பார்க்கும். நடுவில் பருத்து முடிவில் குறுகும் அந்தக் குழாயிலிருந்து ஒரு அழுத்த அலை திரும்பி வந்து, ஓடப் பார்த்த கலவையை உள்ளே தள்ளும். ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், குழாயை மாற்றினால் வண்டியே வேறு ஆளாகிவிடும்.

இந்த வித்தையில் கரைகண்டவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பைக் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பி மேற்கே போய், சுசூகியில் சேர்ந்தார். கையோடு ரகசியமும் போனது. மறுவருடமே சுசூகிக்கு 50 சிசி உலகப் பட்டம். அதே சுசூகி 1984இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து ஓசூரில் இண்ட்-சுசூகி பைக் தயாரிக்க வந்தது. ஒரு குழாய் வளைவு எங்கேயிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள்! தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன், தெரியும்.

2 அக்டோபர்

2011க்குப் பிறகு எஃப்1இல் என்ன ஆனது என்று கேட்டவருக்கு: 2012இல் குழாய் வாயை மேலே, பின்னே என்று விதியில் கட்டிப்போட்டார்கள். சில அணிகள் வாய்க்குப் பின்னால் உள்ள உடற்பகுதியை வளைத்துச் சரிவாக்கி, புகை அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு கீழே டிஃப்யூசர் பக்கம் இறங்கும்படி செய்தன. வேகமாக ஓடும் காற்று வளைந்த பரப்பை ஒட்டியே போகும். ருமேனியாக்காரர் ஹென்றி கோஆண்டாவின் பெயரில் வழங்கும் விளைவு. டம்ளரிலிருந்து காபியை மெதுவாக டபராவில் ஊற்றினால் வெளிப்பக்கமாக வழிந்து கையில் ஊற்றுமே, அதே கதை.

2014இல் டர்போ வி6 வந்தது, பின்னால் நடுவில் ஒரே குழாய், விளையாட்டு முடிந்தது. சத்தமும் போனது. ரொம்பப் புலம்பியதால் 2016இல் வேஸ்ட்கேட் புகைக்கு, அதாவது டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் புகைக்கு, தனிக் குழாய் வைக்கச் சொன்னார்கள், கொஞ்சம் இரைச்சலாவது கேட்கட்டும் என்று.

3 அக்டோபர்

காபி உதாரணம் வாபஸ். கிண்டி ஆசிரியர் மறுபடி வந்துவிட்டார். காபி டம்ளரில் ஒட்டுவதற்குத் திரவம் பரப்பை நனைத்துப் பற்றிக்கொள்வதும் பெரிய காரணம். காற்று விஷயத்தில், ஓடும் காற்று பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுப்பதால், சுவர்ப் பக்கம் அழுத்தம் குறைந்து அதோடு ஒட்டுகிறது. பார்க்க ஒன்று போல இருக்கும், காரணம் வேறு. சார், நீங்கள் தனி இழை ஆரம்பிக்கலாமே.

16 அக்டோபர்

இரண்டு நாள் மழை. நேற்று முன்தினமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். மிச்சாங் புயல் சமயத்தில் பட்ட சூடு. நான் மடிப்பாக்கம், என் வண்டி அண்ணன் வீட்டு மாடிப் பார்க்கிங்கில்.

மழை வந்தாலே ஒரு பேச்சு: "சைலன்சரில் தண்ணீர் போனால் என்ஜின் காலி." பாதி உண்மை. ஓடும் என்ஜினின் குழாய் வாய் முப்பது சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இருந்தாலும் கூடுதல் அழுத்தம் 0.03 பார்தான். என்ஜின் அதைக் கொப்பளித்துத் தள்ளிவிடும். உண்மையான ஆபத்து முன்னால், காற்றை இழுக்கும் மூக்கில். அங்கே தண்ணீர் போய்ச் சிலிண்டருக்குள் சேர்ந்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். எதிரில் பஸ் வந்து ஒரு அலை அடித்தால் போதும்.

ஆகவே முதல் கியரில், காலை எடுக்காமல், சீராக ஓட்டிப் போய்விடுங்கள். சைலன்சருக்குப் பயப்படாதீர்கள்.

16 அக்டோபர், மாலை

மேலே கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு யாராவது தண்ணீரில் இறங்கிவிடப் போகிறீர்கள். திருத்துகிறேன். பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கவே கூடாது. உள்ளே மாட்டி வண்டி அணைந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு முயற்சியிலேயே என்ஜின் போய்விடலாம். தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சாவி.

புகையின் நச்சைக் குறைக்கும் காட்டலிடிக் கன்வர்ட்டர் சுட்டுக்கொண்டிருக்கும்போது சில்லென்ற தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசிய பொருள், விலையைக் கேட்டால் நமக்கே விரிசல் விடும்.

10 நவம்பர்

மச்சான் டீசல் கார் வாங்கினார். பிஎஸ் 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. வீடு மேற்கு மாம்பலம், ஆபீஸ் நுங்கம்பாக்கம். தினம் ஏழெட்டு கிலோமீட்டர், முழுக்க நெரிசல். நாலாவது மாதம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. சர்வீஸுக்குப் போனால் "நீங்கள் ஓட்டும் விதம்தான்" என்றார்கள். அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது, முப்பது வருடமாக ஓட்டுகிறவர்.

அவர்கள் சொன்னது உண்மை, வாங்கும்போது சொல்லியிருக்கலாம். டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நிறைந்ததும், சுமார் 600 டிகிரிச் சூட்டில் அதுவே கரியை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வர, கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பனகல் பார்க் சிக்னலில் எங்கே போவது?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரை பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னேன். பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வரை, ஒரே சீராக, ஒரு கியர் குறைத்து. இருங்காட்டுக்கோட்டை தாண்டும்போது விளக்கு அணைந்தது. "ரேஸ் டிராக் பக்கத்துல வந்ததும் வண்டிக்கு ரோஷம் வந்துடுச்சு" என்றார். இப்போது மாதம் இரண்டு முறை அங்கே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அக்கா சந்தோஷமாக இருக்கிறாள்.

பெட்ரோல் காருக்கும் குறுகிய ஓட்டம் ஆகாது, வேறு காரணத்துக்காக. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீராவியாக வெளியே போய்விடும், சைலன்சர் சூடாக இருந்தால். மயிலாப்பூருக்குள்ளேயே கோயில், காய்கறி, வீடு என்று ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடியும். தண்ணீர் டப்பாவுக்குள் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே உப்புக்காற்று. பெசன்ட் நகர் கார்களின் சைலன்சரைத் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அடியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள், தண்ணீர் சொட்டுவதற்கு. ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்த ஒரு பெரியவரும் எங்களிடம் வந்தார்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் ஒருவழியாகக் கடந்தது. கரண்ட் வந்ததும் தம்பியின் செய்தி. கடைக்காரர் இப்போது விலையை இறக்கி, கன்வர்ட்டரையும் எடுத்துவிட்டுத் தருவதாகச் சொல்கிறாராம், "மைலேஜ் கூடும்" என்று.

வேண்டாம். கன்வர்ட்டருக்குப் பின்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கன்வர்ட்டரை எடுத்தால் அது கண்டுபிடித்துவிடும், செக் என்ஜின் விளக்கு நிரந்தர விருந்தாளி. புகைப் பரிசோதனையில் தேறாது. ஏப்ரல் 2020க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் கன்வர்ட்டர் என்ஜினை ஒட்டியே இருக்கிறது, சீக்கிரம் 250-300 டிகிரி சூடேறி வேலையைத் தொடங்கட்டும் என்று. அதை வெட்டி எடுப்பவர், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டையே கிழிப்பார். சத்தத்துக்கும் அளவு உண்டு. கார் கம்பெனி அந்த அளவுக்குள் சோதனையில் காட்டித்தான் விற்க முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்தலாம். என் பழைய டப்பா காலத்தில் தெருக்காரர்கள் திட்டியதோடு போனது.

வண்டி நூறில் ஆடியதே, அது என்ன ஆயிற்று தம்பி? அதைச் சொல்லவே இல்லையே.

5 டிசம்பர்

சொல்லிவிட்டார். முன் இடது ரிம் பள்ளத்தில் விழுந்து வளைந்திருந்திருக்கிறது. பேலன்சிங் செய்யப் போன இடத்தில் கண்டுபிடித்தார்களாம். கூடவே சைலன்சர் தொங்கும் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய், சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. "பிக்கப் போச்சு" என்று அவருக்குத் தோன்ற வைத்தது அந்தக் கடகடச் சத்தம்தான் என்று இப்போது சொல்கிறார். ரப்பர் நூற்றெண்பது ரூபாய்.

குரோம் வாய் மட்டும் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். தாராளமாக. ஸ்டிக்கர் கிடைத்தால் இன்னும் மலிவு.